பயூமி கொண்டுவராத சாமான்

எங்கள் சந்தில் யார் படுக்கையில் விழுந்தார்கள் என்பது முதலில் எனக்குத்தான் தெரியும். டாக்டருக்குக்கூட அப்புறம்தான். நான் இஸ்திரி போடுகிறவன், பேர் ரம்ஸி. வெளியே போகிறவர்களுக்குத்தான் இஸ்திரி போட்ட துணி வேண்டும். ஒருத்தருடைய துணி கொஞ்ச நாளாக வரவில்லையென்றால், ஒன்று அவருக்கு என்மேல் கோபம், இல்லையென்றால் அவர் இனிமேல் படியிறங்கப் போவதில்லை. கோபித்துக்கொண்டவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள். என்னைப்போல் காலர் மடிக்கிறவன் எங்கள் பஹரிப் பேட்டையில் இன்னொருத்தன் கிடையாது.

அப்படி என் கடைக்குத் துணி அனுப்புவதை நிறுத்தியவர்கள் எல்லோரும் பயூமியிடம் போய்ச் சேருவார்கள். பயூமி, சந்து முனையில் இருக்கும் கலஃபின் மளிகைக் கடையிலிருந்து வீடுகளுக்குச் சாமான் கொண்டுபோகிறவன். கலஃபிடம் அந்த வேலைக்கு மோட்டார் பைக் வைத்த பையன்கள் வேறு இருந்தார்கள். நடமாடுகிறவர்கள், போனில் அதட்டுகிறவர்கள், புது அடுக்குமாடிக்காரர்கள் எல்லாம் அந்தப் பையன்களுக்கு. பழைய கட்டடங்களில் மாடியில் மாட்டிக்கொண்டவர்கள், இதயம் பழுதானவர்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடப்பவர்கள் பயூமிக்கு. யாரும் ஒதுக்கிக் கொடுக்கவில்லை, அவனாக எடுத்துக்கொண்டான்.

ஆளைப் பார்த்தால் நோயாளிகள் பக்கம் விடத் தோன்றாது. அலெக்சாந்திரியா துறைமுகத்தில் வருஷக்கணக்காக மூட்டை தூக்கிய உடம்பு. கழுத்தென்று ஒன்று கிடையாது, தோள் முடிகிற இடத்தில் தலை ஆரம்பித்துவிடும். சைக்கிளுக்கு முன்னால் ஒரு பெட்டி, பின்னால் ஒரு பெட்டி. காலையில் அவன் மணியடித்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்தால் பால்கனிகளிலிருந்து கயிறு கட்டிய கூடைகள் இறங்க ஆரம்பிக்கும். கூடையில் சாமானை வைத்து, கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவான். மேலே இருப்பவர் இழுத்துக்கொள்வார். இழுக்கக் கையில் வலுவில்லாதவர்களுக்குப் படியேறுவான். எங்கள் கட்டடங்களில் லிஃப்ட் என்பது பேச்சுக்குத்தான். என் கடைக்கு எதிரே இருக்கும் இத்தாலிக்காரன் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டாம் மாடியில் நின்றுபோனது எனக்கு மீசை முளைக்கும் முன்னால். வாடகை அற்பம் என்கிறான் வீட்டுக்காரன். வீட்டுக்காரன் கஞ்சன் என்கிறார்கள் குடியிருப்பவர்கள். இரண்டும் உண்மை, அதனால் லிஃப்ட் அங்கேயே நிற்கிறது.

பயூமியிடம் ஒரு குணம். எது உடம்புக்கு ஆகாதோ அதைக் கொண்டுவர மாட்டான். தலைகீழாக நின்றாலும் கொண்டுவர மாட்டான். கலஃப் எத்தனையோ தடவை தலையிலடித்துக்கொண்டான்.

"நீ மளிகைக் கடையில வேலை பாக்கறியா, இல்ல போலீஸ் ஸ்டேஷன்லயா? கேக்கறாங்க, குடுத்துட்டுப் போயேன்!"

"நீ வித்துக்க. நான் தூக்க மாட்டேன்" என்பான் பயூமி.

தரைத்தளத்தில் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வாத்தியார் ஷாகிருக்கு சர்க்கரை வியாதி. ஒரு பாதத்தை ஏற்கனவே எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பிள்ளைகளைப் பிரம்பால் அடித்தவர், என்னையும் சேர்த்து. தினமும் பயூமி ஜன்னலுக்கு வந்ததும் ஆரம்பிப்பார்.

"பயூமி, இன்னிக்கு அரைக் கிலோ ஹல்வா வை. பிஸ்தா போட்டது."

"இருக்கற காலையும் அறுத்துத் தராசுல வைங்க வாத்தியாரே. அந்த எடைக்கு ஹல்வா தர்றேன்."

"மரியாதை கெட்டவனே! உன்னை என் வகுப்புல போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"உங்க வகுப்புல படிச்சவன்லாம் இங்க இஸ்திரி போட்டுக்கிட்டு இருக்கான். வெள்ளரிக்கா, முட்டை, ரொட்டி. இந்தாங்க."

என்னையும் இழுத்துவிட்டுத்தான் போவான். வாத்தியார் அவன் முதுகைப் பார்த்துத் திட்டுவார், அவன் அடுத்த கட்டடத்துக்குப் போகும்வரை திட்டுவார். அதற்கப்புறம் அந்த மனுஷர் அன்றைக்கு யாரோடும் பேசி நான் பார்த்ததில்லை.

பயூமி ஏன் இப்படி ஆனான் என்பது சந்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். அவனுக்கு தஃபீதா என்று ஒரு மனைவி இருந்தாள். சின்ன வயசிலேயே சிறுநீரகம் கெட்டுப்போய்க் கால் வீங்கி, மூன்றாம் மாடியிலிருந்து இறங்க முடியாமல் ஆனவள். பயூமி விடிந்தால் துறைமுகம், இருட்டினால் வீடு. பகலெல்லாம் அவள் தனியாகக் கூடையை இறக்குவாள், கலஃபின் அப்பா கடையிலிருந்து அவள் கேட்டதை வைத்து அனுப்புவார்கள். அவள் கேட்டது ஊறுகாய், உப்பு ஆலிவ், ஜாடியில் உப்புத் தண்ணீரில் ஊறிய பழைய சீஸ். பத்தியச் சாப்பாடு தின்று நாக்கு செத்துப்போனவள் வேறு எதைக் கேட்பாள்? ஒரு நாள் பயூமி வேலையிலிருந்து வந்தபோது வீட்டில் விளக்கு போட்டிருக்கவில்லை. அடக்கம் முடிந்து அறையைக் கழுவும்போது கட்டிலுக்கடியில் காலி ஜாடிகள் இருந்தன. அவற்றை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். அடிக்கப் போகிறான் என்று பயந்து ஆட்கள் உள்ளே ஓடினார்கள். அவன் யாரையும் அடிக்கவில்லை. ஜாடிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேடைமேல் வரிசையாக வைத்துவிட்டுப் போனான். கொஞ்ச காலம் கழித்துத் துறைமுகத்தை விட்டுவிட்டு அதே கடை வாசலில் வந்து நின்று, வேலை கொடு என்றான்.

அவனுடைய ஆட்களிலேயே பெரிய வாய்க்காரி இன்ஷிரா. இத்தாலிக்காரன் கட்டடத்தில் நாலாம் மாடி. மீன் வியாபாரியின் விதவை, வயசுக்கு மரியாதையாக எல்லோருக்கும் ஹாஜ்ஜா. அவளும் மீன் வியாபாரம் செய்தவள்தான். வசந்தத் திருநாளுக்கு எங்கள் ஊரே தின்னும் ஃபஸீக், அதாவது உப்பில் போட்டு வாரக்கணக்காக ஊறவைத்த மடவை மீன், பஹரியில் அவள் கையால் போட்டால்தான் ருசி என்பார்கள். நாறும். அந்த நாற்றத்துக்குத்தான் நாங்கள் வருஷம் பூராவும் காத்திருப்போம். மலையாக உப்பை அள்ளிய அந்தக் கைக்கு இப்போது ஒரு சிட்டிகை உப்பு கூடாது. இதயம் பலூன் மாதிரி தளர்ந்துவிட்டது. உப்பு பட்டால் உடம்பில் தண்ணீர் நிற்கும், தண்ணீர் நுரையீரலுக்கு ஏறும், மூச்சு நின்றுபோகும்.

காலையில் அவள் கூடை இறங்கும்போது நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிடுவேன். கேட்காமல் விட மனசு வராது.

"டேய் பயூமி! கால் கிலோ ஜாடிச் சீஸ் வைடா!"

"சீஸ் இல்ல ஹாஜ்ஜா. எருமையெல்லாம் செத்துப்போச்சு."

"நேத்து ஊறுகா கேட்டேன். அதுக்கு என்னடா செத்துச்சு?"

"எலுமிச்சந் தோட்டத்துல துக்கம். தயிர் வெச்சிருக்கேன், இழுங்க."

"உன் தயிரை உன் மண்டையில கொட்டிக்க! உங்கம்மா வயசுடா எனக்கு!"

"எங்கம்மாவுக்கு வாய் இவ்வளவு நீளமில்ல. இழுங்க ஹாஜ்ஜா, வெயில் ஏறுது."

அவள் இழுப்பாள். இழுத்துக்கொண்டே அவன் பரம்பரையை ஆதியிலிருந்து வரிசையாகத் திட்டுவாள். திட்டி முடித்து மூச்சு வாங்கினால், அவன் சைக்கிளை நிறுத்திவிட்டு மேலே பார்த்துக்கொண்டு நிற்பான். அவள் கையை ஆட்டி "போடா" என்றதும்தான் நகர்வான்.

ஆனால் அவன் போனபிறகு கூடை மறுபடி இறங்கும், காலியாக. அங்கேதான் வம்பு. காலிக் கூடை தொங்கினால் அதைத் தாண்டிப் போக எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கால் வராது. படியிறங்க முடியாத கிழவி, பாவம், ஏதாவது வைப்போம் என்று வைப்பார்கள். புண்ணியத்துக்குப் புண்ணியம், செலவும் பெரிதாக இல்லை. ஒரு தடவை யாரோ வைத்த ஆலிவைத் தின்று மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். அடுத்த குளிர்காலத்தில், புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண் தன் மாமியார் போட்ட ஊறுகாயை ஒரு கிண்ணம் நிறைய வைத்தாள். அன்றைக்கு இன்ஷிராவின் உதடு நீலமாகி, பயூமி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு மாடி இறங்கினான். அந்தப் பெண் வாசலில் நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? இனி ஒரு தடவை வந்தால் உயிரோடு வீட்டுக்கு அனுப்பி வைக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தன்தா ஊரில் இன்ஷிராவுக்கு ஒரு மகள், நபீலா. திருநாளென்றால் வந்து அம்மா கூடவே இருந்து வாயைக் காவல் காப்பாள். இந்த வருஷம் அவளுடைய மகளுக்குப் பேறுகாலம், வர முடியவில்லை. பயூமிக்குப் போன் பண்ணினாள். அப்போது அவன் என் கடையில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தான், அவள் பேசுவது எனக்கே கேட்டது.

"பயூமி அண்ணே, அந்த ஒரு நாள் மட்டும் எப்படியாவது பாத்துக்குங்க. ஊரே மீன் திங்கும், அம்மா சும்மா இருக்க மாட்டாங்க. உங்களைத்தான் நம்பியிருக்கேன்."

"நீ பிள்ளையைப் பாரும்மா. அவங்க வாயில ஒரு பொட்டு உப்பு போகாது. நானாச்சு" என்றான் பயூமி.

சர்ச்சுக்குப் போகிற எங்கள் ஈஸ்டருக்கு மறுநாள் வருவது வசந்தத் திருநாள். பள்ளிவாசல்காரர், சர்ச்சுக்காரர் எல்லோருக்கும் பொது. பச்சை வெங்காயம், எலுமிச்சை, சாயம் தோய்த்த முட்டை, ஃபஸீக். பாதிப் பேர் கடற்கரைக்குப் போவார்கள், மீதிப் பேர் சந்திலேயே பாய் விரித்துச் செய்தித்தாளில் மீனைப் பிரித்து வைத்து உட்காருவார்கள். யாரும் வெறுங்கையோடு பாய்க்கு வருவதில்லை. வீட்டில் இருப்பதில் ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டுத்தான் உட்காருவோம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பயூமி ஒவ்வொரு கதவாகத் தட்டினான். இன்ஷிரா கூடையில் யாரும் மீன் வைக்கக் கூடாது, ஒரு முள்ளுகூட வைக்கக் கூடாது. எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். கலஃபின் மனைவி மட்டும், "ருசிக்கு ஒரு துண்டு திங்கறதுல என்ன வந்துடும்? ஊருக்கே போட்டவளாச்சே, பாவமில்லையா?" என்றாள். பயூமி நேராக என் கடைக்கு வந்தான். கைத்தொழில்காரன் என்ற மரியாதைக்கு என்னை உஸ்தா என்றுதான் கூப்பிடுவான்.

"இவங்க நாக்கு ஆமாங்குது உஸ்தா. நாளைக்குக் கூடை தொங்கினா கை சும்மா இருக்காது."

"எல்லாரும் சத்தியம் பண்ணியிருக்காங்களேடா."

"தஃபீதாவுக்கு வெச்சவங்க கெட்டவங்களா? நல்லவங்கதான வெச்சாங்க."

எழுந்து எதிர்க் கட்டடத்துக்குள் போனான். கொஞ்ச நேரத்தில் இன்ஷிராவின் கூடையையும் கயிற்றையும் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தான். மேலே பால்கனியில் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"கயிறு நல்லாத்தானடா இருக்கு?"

"இத்துப்போச்சு ஹாஜ்ஜா. யார் தலையிலயாவது விழும். புதுசு போட்டு செவ்வாக்கிழமை தர்றேன்."

அவனுக்குப் பொய் சொல்ல வராது. சொல்லும்போது காது சிவந்துவிடும். நாலாம் மாடிக்கு அது தெரிந்திருக்காது, ஆனால் மீன் வியாபாரம் செய்தவளுக்கு எடையில் ஏமாற்றுகிற குரல் தெரியாதா?

"இது சரியில்லடா பயூமி" என்றேன். "பேசறதுக்கும் கேக்கறதுக்கும் அவளுக்கு இருக்கற வழி அது ஒண்ணுதான். அதையும் புடுங்கிட்டு வர்றியே."

"ரெண்டு நாள்தான உஸ்தா. திட்டட்டும். உயிரோட இருந்து திட்டட்டும்."

கூடையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான்.

மறுநாள் காலையில் அவனே படியேறி அவளுக்குச் சாப்பாடு கொடுத்தான். உப்பில்லாத ரொட்டி, தயிர், பச்சை வெங்காயம், எலுமிச்சை. முட்டைகளை அவன் கையாலேயே சிவப்பும் பச்சையுமாகச் சாயம் தோய்த்துக் கொண்டுபோனான், கோணல்மாணலாக. அவள் திட்டவில்லையாம். "கூடை?" என்று மட்டும் கேட்டாளாம். நாளைக்கு என்றானாம். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள். திட்டாமல் விட்டாளே என்று அவன் என்னிடம் சொல்லிவிட்டு, தூரத்தில் இருக்கும் தன் மற்ற நோயாளிகளைப் பார்க்கச் சைக்கிளை எடுத்தான். அவர்கள் வீடுகளிலும் அன்றைக்குத் திருநாள்தானே.

உச்சி வெயிலுக்குச் சந்து நிறைந்துவிட்டது. எங்கள் பெரிய நோன்பில் மீன் மோந்துகூடப் பார்க்கக் கூடாது. அதைக் கழித்துவிட்டு வந்த எனக்கு இருந்த பசியைக் கேட்காதீர்கள். மீனின் வாடை சுவரேறி ஒவ்வொரு மாடிக்கும் போயிருக்கும். அப்போது இன்ஷிரா பால்கனிக்கு வந்தாள். ஏதோ சொன்னாள். கீழே பாட்டு, பிள்ளைகள் சத்தம். பழைய இன்ஷிராவாக இருந்தால் அத்தனை சத்தத்தையும் அவள் குரல் அமுக்கியிருக்கும். அவள் கையை நீட்டி, கூடை இறக்குவதுபோல் காற்றில் காட்டினாள்.

கலஃப் பாயிலிருந்து எழுந்து இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினான். "ஹாஜ்ஜா! இன்னிக்கு ஒரு நாள் நோன்பு வெச்சுக்குங்க! பயூமி எங்களை வெட்டிப் போட்டுருவான்!"

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை அது. செல்லமாகச் சிரித்தார்கள். யாரோ ஒரு வெங்காயத் தாளை உயர்த்தி ஆட்டிக் காட்டினார்கள். அவள் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு உள்ளே போய்விட்டாள். கோபித்துக்கொண்டாள், சாயங்காலம் சரியாகிவிடும் என்று கலஃபின் மனைவி சொன்னாள். நாங்கள் மறுபடி மீனுக்குத் திரும்பினோம்.

பயூமி வந்தபோது பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். அவன் நேராக இத்தாலிக்காரன் கட்டடத்துக்குள் போனான். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. துறைமுகத்தில் மூட்டை மேலே விழுந்தவன் போடுகிற சத்தம். நான் செருப்பில்லாமல் ஓடினேன்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில், நின்றுபோன லிஃப்டின் கம்பிக் கதவில் சாய்ந்து இன்ஷிரா உட்கார்ந்திருந்தாள். கண் பாதி திறந்திருந்தது. உடம்பு சூடு போய்விட்டது. நீல நிறத்தில் ஒரு நல்ல உடுப்பு போட்டிருந்தாள். அந்த உடுப்பை நான் கடைசியாக எப்போது இஸ்திரி போட்டேன் என்றுகூட நினைவில்லை. பெட்டியில் மடித்து வைத்திருந்த மடிப்புகள் மார்பிலும் இடுப்பிலும் கோடு கோடாக அப்படியே இருந்தன. கூடை இருந்திருந்தால் காலையிலேயே எனக்கு அனுப்பியிருப்பாள். கசங்கிய துணியோடு நாலு பேர் முன்னால் வருகிறவள் இல்லை அவள்.

மடியில் ஒரு துணி மூட்டை. பயூமி அவிழ்த்தான். காலையில் அவன் கொடுத்த ரொட்டி, வெங்காயம், எலுமிச்சை, சிவப்பும் பச்சையுமான முட்டைகள். எதையும் அவள் தொட்டிருக்கவில்லை. பாய்க்குக் கொண்டுவந்து வைக்கத் தன் பங்கை எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறாள்.

மீனுக்குத்தான் இறங்கினாள் என்று கலஃப் இன்றைக்கும் சொல்கிறான். சொல்லட்டும். எங்களோடு உட்கார வந்தாள் என்று நான் சொல்கிறேன். ஒருவேளை இரண்டுக்குமாக இருக்கலாம். அவளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

பயூமி அவளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினான். உதவிக்குப் போன என் கையைத் தட்டிவிட்டான். கட்டிலில் படுக்கவைத்து, உடுப்பின் மடிப்புகளை உள்ளங்கையால் நீவி நீவிப் பார்த்தான். அது கையால் போகிற மடிப்பா? டாக்டர் வந்தார். உப்பு இல்லை, ஒன்றுமில்லை, அந்த இதயத்துக்கு இரண்டு மாடிப் படியே போதும் என்றார்.

ராத்திரியோடு ராத்திரியாக நபீலா வந்து சேர்ந்தாள். அழுதாள். பிறகு எல்லோர் முன்னாலும் பயூமியின் கையைப் பிடித்து, "இத்தனை வருஷம் நீங்க இருந்ததாலதான் அண்ணே அம்மா இருந்தாங்க. அல்லா உங்களுக்குக் குறையில்லாமக் குடுப்பான்" என்றாள். ஒருத்தனைக் கொல்ல இதைவிடப் பெரிய வார்த்தை வேண்டியதில்லை. கூடை சமாச்சாரம் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவனே சொன்னான். அவள் கையை விடவில்லை, நல்லதுக்குத்தானே செய்தீர்கள் என்றாள். அதற்கு அவள் ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

துக்க நாள்கள் கழிந்து பயூமி மறுபடி சைக்கிளை எடுத்தான். மணியடிக்காமல் வந்தான். கூடைகள் இறங்கின, சாமான் வைத்தான், கயிற்றைச் சுண்டினான், போனான். அவ்வளவுதான். ஆளிடம் என்ன குறைந்தது என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. கலஃப் சொல்லித்தான் தெரிந்தது, அதுவும் சந்தோஷமாகச் சொன்னான்.

"ரம்ஸி, உன் கூட்டாளி திருந்திட்டான்! நேத்து அந்த ரத்தக்கொதிப்புக்காரம்மா ஊறுகா கேட்டுச்சாம். ஒரு வார்த்தை பேசாமக் கொண்டுபோய்க் குடுத்திருக்கான். இனிமே வாடிக்கைக்காரங்க சண்டை இருக்காது."

எனக்கு வந்த கோபத்தில் சூடான இஸ்திரிப் பெட்டியை யாரோ ஒருத்தர் சட்டைமேல் விட்டுவிட்டேன். நேராகப் போய் பயூமியின் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினேன்.

"என்னடா பண்றே? அந்தம்மாவுக்கு ஊறுகாயா?"

"சாமான் தூக்கறவன் உஸ்தா நான். மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு துறைமுகத்துல நாங்க பிரிச்சுப் பாக்கறதில்ல."

"செத்துப்போவாடா!"

"குடுக்கலேன்னாலும் செத்துப்போறாங்க" என்றான். சத்தமே இல்லாமல் சொன்னான். அந்தத் தொண்டையிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வரும் என்று எனக்குத் தெரியாது. "வழிய விடு உஸ்தா. தயிர் புளிச்சுடும்."

விட்டேன். வேறு என்ன செய்ய? ரத்தக்கொதிப்புக்காரம்மா வீட்டுக்கு நானே போய் அந்த ஊறுகாயைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். அவள் என்னைத் திட்டினாள். ஆனால் பயூமியைத் திட்டுகிற மாதிரி அது இல்லை, திருடனைத் திட்டுகிற மாதிரி இருந்தது.

போன வாரம் வாத்தியார் ஷாகிர் ஜன்னலிலிருந்து என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். உள்ளே போனேன். மேசைமேல் ஒரு பெட்டி ஹல்வா, பக்கத்தில் சர்க்கரைப் பாகில் ஊறிய ரவை பஸ்பூஸா ஒரு தட்டு, அலமாரிமேல் இன்னும் இரண்டு பெட்டி. நெய் வாசனை அறையெல்லாம் நிறைந்திருந்தது. ஈக்கள் மொய்த்தன.

"இதையெல்லாம் எடுத்துட்டுப் போ ரம்ஸி. பிள்ளைகளுக்குக் குடு."

"இதெல்லாம் யார் கொண்டுவந்தது வாத்தியாரே?"

"பயூமிதான். நான் கேட்டேன். முந்தாநாள் கேட்டேன், நேத்துக் கேட்டேன், இன்னிக்கும் கேட்டேன்."

"தின்னீங்களா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பழைய பிரம்பு தெரிந்தது. "தின்னவாடா கேட்டேன்? இத்தனை வருஷமா நான் தின்னறதுக்கா கேட்டேன்? முட்டாள். அன்னிக்கும் முட்டாள், இன்னிக்கும் முட்டாள். அவன் ஒருத்தன்தான் இந்த ஜன்னல்ல நின்னு, நான் செத்துடக் கூடாதுன்னு கத்துவான். அதைக் கேக்கறதுக்குத்தான்டா ஹல்வா கேப்பேன்."

நாலாம் மாடியிலிருந்து தினமும் ஜாடிச் சீஸ் கேட்டவளும் அதற்காகத்தான் கேட்டாளோ என்னவோ. வாத்தியாரிடம் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்போது ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் வந்து நின்றது. பயூமி ஒரு பொட்டலத்தை எடுத்து விளிம்பில் வைத்தான். பிஸ்தா போட்ட ஹல்வா, அரைக் கிலோ.

வாத்தியார் அந்தப் பொட்டலத்தைத் தொடவில்லை. கையை வெளியே நீட்டி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"திட்டுடா பயூமி" என்றார்.

பயூமி அவர் விரல்களை ஒவ்வொன்றாக மெதுவாகப் பிரித்து எடுத்தான்.

"ரொட்டி எத்தனை வைக்கட்டும் வாத்தியாரே?" என்று கேட்டான்.